மூடிய கிணறு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

செங்கோட்டைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் 20 நிமிடப் பேய்க் குறும்படம் எடுத்திருக்கிறோம். தங்கையைக் கிணற்றில் தள்ளிக் கொன்ற அண்ணன், அவளே தவறி விழுந்ததாக ஊரை நம்பவைத்து, கிணற்றைக் கல் பலகை போட்டு மூடிவிடுகிறான். பத்து வருடம் கழித்து வீட்டை விற்க வருகிறான். ஏழு இடங்களில் ஆவியைக் காட்டியும் பார்த்தவர்கள் பயப்படவில்லை. சாரலில் எடுத்ததால் ஒலியும் கெட்டுவிட்டது. என்ன செய்யலாம்?

வாசகர், செங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

ஏழில் ஆறை வெட்டிவிடுங்கள். 1964இல் ஏ. வின்சென்ட் இயக்கி, எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீர் திரைக்கதை எழுதிய 'பார்கவி நிலையம்' மலையாளப் படத்தை ஒருமுறை பாருங்கள். பேய் வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளன் பார்கவியின் ஆவியோடு பேச்சுக் கொடுக்கிறான்; அவன் மடியில் கனமில்லை. அவளைக் கிணற்றில் தள்ளியவனுக்கோ அந்த எழுத்தாளன் எழுதும் கதையே ஆபத்து. குற்றம் செய்தவன் எதற்கு அஞ்சுகிறான் என்று தெரிந்த பிறகுதான் நமக்கும் அச்சம் வரும்.

ஆகவே அண்ணன் எதையெல்லாம் தவிர்க்கிறான் என்பதை முதலில் காட்டுங்கள். பின்கட்டுக் கதவை அவன் திறப்பதில்லை. குளிக்க ஆற்றுக்குப் போகிறான். பக்கத்து வீட்டு அத்தை, "ஏய்யா, நல்ல ஊத்துள்ள கெணறாச்சே, அத எதுக்கு..." என்று தொடங்கும்போதே, "பிள்ளைங்க விழுந்துரும்னுதான் அத்தே" என்று முந்திக்கொள்கிறான். அந்த வீட்டில் பிள்ளைகளே கிடையாது. இந்த ஒரு வசனம் ஆறு ஆவிகளுக்குச் சமம்.

பின்கட்டு ஜன்னல் தெரியும் காட்சிகளில் கேமராவை ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் வையுங்கள். கிணறு எப்போதும் சட்டகத்தின் வலது ஓரத்தில், கொஞ்சம் மங்கலாக இருக்கட்டும். நான்கு முறை அப்படியே காட்டிவிட்டு, ஐந்தாவது முறை கல் பலகையை ஒரு சாண் நகர்த்தி வையுங்கள். அதற்கு குளோசப் வேண்டாம், இசையும் வேண்டாம். எட்டு நொடியாவது வெட்டாமல் விடுங்கள். கண் தானாக ஓரத்துக்குப் போக அவ்வளவு நேரம் பிடிக்கும்.

ஒலிதான் உங்களுக்குப் பெரிய வேலை. ஓட்டில் விழும் மழை ஷாட்டுக்கு ஷாட் மாறும்; வெட்டும் இடமெல்லாம் ஒலி குதிக்கும். அதற்குள் சிக்கிய வசனத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது கடினம், டப்பிங்தான் நல்ல வழி. மழையைத் தனியாக மூன்று நிமிடம் பதிவுசெய்து காட்சி முழுக்க விரியுங்கள். ஆரியங்காவுக் கணவாய்க் காற்று மைக்கில் உறுமும். மைக்குக்கு ரோம உறை போட்டால் பெரும்பகுதி அடங்கும். எடிட்டில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டினால் மிச்சமும் பெரும்பாலும் குறையும். ஒவ்வொரு அறையின் வெறும் ஒலியையும் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் பிடித்து வையுங்கள்.

பயமுறுத்த மிகத் தாழ்ந்த சுருதியில் உறுமும் இசையை நம்பாதீர்கள். குறும்படத்தை செல்போனில்தான் பார்ப்பார்கள், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. கிணற்றுக் கப்பியின் கிறீச்சொலி போதும். தங்கை உயிரோடு இருக்கும் காட்சியில் அதைச் சாதாரணமாகக் கேட்கவிடுங்கள். பிறகு கயிறும் கப்பியும் இல்லாத கிணற்றிலிருந்து வரட்டும். வருவதற்கு இரண்டு நொடி முன்னால் சில்வண்டுச் சத்தத்தை நிறுத்திவிடுங்கள்.

டியூப்லைட் காட்சிகளில் திரையில் பட்டை ஓடினால், கேமராவின் ஷட்டர் வேகம் 1/60 நொடியில் இருந்திருக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 1/50 வைக்க வேண்டும்.

மறுபடி எடுக்க வேண்டியது அத்தை காட்சியும் ஜன்னல் ஷாட்டுகளும்தான். சாரல் ஓய்ந்ததும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.