வெள்ளத்தில் நின்ற கார்: என்ஜினைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

தேங்கிய தண்ணீரில் ஓடி நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலேறும் பிஸ்டன் அதில் முட்டி, பிஸ்டனைக் கிராங்க் என்னும் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

பெட்ரோல் வண்டி என்றால் ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றி, கிராங்க்கைக் கையால் 2 முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். தண்ணீர் வெளியேறித் தடையில்லாமல் சுற்றினால் நல்ல அறிகுறி. ஆயில், ஃபில்டர்களை மாற்றிவிட்டுக் கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தம்) பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் பெரும்பாலும் அங்கே ராட் வளைந்திருக்கும், பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறாது. கிராங்க்கும் சிலிண்டர் சுவரும் பழுதில்லை என்றால் ராட், பேரிங், ரிங் மாற்றினாலே போதும்.

ராட் உடைந்து பிளாக்கில் (சிலிண்டர்கள் அமைந்த என்ஜின் உடல்) ஓட்டை விழுந்திருந்தால் வேறு என்ஜின்தான். பழைய என்ஜின் வாங்கினால் பில் கட்டாயம் வேண்டும். புது என்ஜின் நம்பரை ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும்.