ஆறு வயது ராணி

கேள்வி: பத்து வயது மகள் ‘விங்ஸ் ஆஃப் ஃபயர்’ டிராகன் கதைகளே கதி என்று இருக்கிறாள். அதில் க்ளோரி என்றொரு டிராகன், எடுத்தெறிந்து பேசுகிறது. கடைசியில் அதுவே ராணியாகிறதாம். அரச குடும்பத்தில் பிறந்த சுனாமி என்ற இன்னொரு டிராகன் இருக்க, இவள் எப்படி ராணி? கேட்டால், “படிச்சுப் பாரும்மா” என்கிறாள்.
– ஒரு வாசகி

பதில்: டுயி சதர்லாண்ட் 2012-ல் தொடங்கிய தொடர் இது. எனக்கு அதில் மிகப் பிடித்தவள் க்ளோரிதான்.

டிராகன் இனங்களுக்குள் நடக்கும் போரை முடிக்கப் போவதாக ஐந்து குட்டி டிராகன்களைப் பற்றி ஒரு குறிசொல்லல் இருக்கிறது. அந்த ஐந்தில் க்ளோரி கிடையாது. வேறு இனத்து முட்டை உடைந்துபோனதால், அந்த இடத்தை நிரப்பக் கொண்டுவந்த ரெயின்விங் (மழைக்காட்டு டிராகன் இனம்) முட்டை அவள். ரெயின்விங் என்றாலே சோம்பேறி என்று சொல்லிச் சொல்லியே மலைக்கு அடியில் வளர்க்கிறார்கள். வெடுக்கென்று பேசாமல் என்ன செய்வாள்? அவர்கள் இனத்துக்கு மனம் மாறினால் செதிலின் நிறமும் மாறிவிடும். பயம்கூட வெளியே தெரிந்துவிடும் என்பதால் நிறத்தை அடக்கப் பழகிக்கொள்கிறாள். அந்த வாய்த்துடுக்கும் அப்படி ஒரு காவல்தான்.

மூன்றாவது புத்தகத்தில் (2013) தன் சொந்த மழைக்காட்டுக்குப் போகிறாள். அங்கே எல்லோரும் பகலில் வெயிலில் படுத்துத் தூங்குகிறார்கள். வந்த கோபத்தைப் பாருங்கள்! சோம்பேறி இல்லை என்று நிரூபிக்கவே வாழ்நாளெல்லாம் பாடுபட்டவள் ஆயிற்றே. அப்புறம்தான் தெரிகிறது, அந்த வெயில் அவர்கள் உடம்புக்குத் தேவை என்று. குகையில் அதைக் கொடுக்காமல்தான் அவளை வளர்த்திருக்கிறார்கள்.

நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் அடுத்து வருகிறது. மேங்ரோவ் என்றொருவன் தன் துணை ஆர்க்கிட் காணாமல் போனதைச் சொல்ல ராணியிடம் வருகிறான். காட்டில் இன்னும் பலரைக் காணவில்லை. ராணி மேக்னிஃபிசன்ட்டோ அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அங்கே ராணிப் பதவியை முறைவைத்து மாற்றிக்கொள்கிறார்கள், பொறுப்பு யாருக்கும் இல்லை. தேடப் போகிறவள் க்ளோரி. பிடிபட்டு, எரிமலைத் தீவில் நைட்விங்குகள் என்ற வேறொரு டிராகன் இனம் தன் மக்களை அடைத்து வைத்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறாள். மீட்கப் படை வேண்டும், அதற்கு ராணியாக வேண்டும். அதனால்தான் போட்டிக்கு நிற்கிறாள். சுனாமி வேறு இனம், கடலில் வாழும் சீவிங்; தன் இனத்து அரியணையைக் கனவு கண்டவள். இவளுக்கு அது ஒரு வேலைக்கான கருவி. மற்ற இனங்களில் ராணியைக் கொன்றுதான் ராணியாவார்கள். இங்கே மரத்துக்கு மரம் பாய்கிற பந்தயம், பழம் பறிப்பது, நஞ்சைக் குறிபார்த்துத் துப்புவது. தான் இளப்பமாக நினைத்த சொந்த இனத்தாரையே தன் அணியில் சேர்த்து ஜெயிக்கிறாள். இத்தனைக்கும் வயது ஆறுதான்.

ஆனால் அவள் உண்மையிலேயே ராணியாவது நான்காம் புத்தகத்தில் என்பேன். எரிமலை வெடிக்கிறது, நைட்விங்குகளுக்குப் போக்கிடம் இல்லை. தன் மக்களை வதைத்தவர்களுக்கு, தன்னை ராணியாக ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு காட்டில் இடம் கொடுக்கிறாள். தன் மக்களின் பயத்தையும் வந்தவர்களின் வெறுப்பையும் அதன் பிறகு தினமும் சமாளித்தாக வேண்டும். குழந்தைகள் கதையில் இவ்வளவு கடினமான முடிவை ஒரு சின்னப் பெண் கையில் கொடுத்ததற்காகவே ஆசிரியரைக் கொண்டாடுகிறேன்.

கேள்வி: க்ளோரியின் புத்தகத்தை மட்டும் முதலில் வாங்கலாமா?
– இன்னொரு வாசகர்

பதில்: வேண்டாம், முதல் புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள். அதில் ஸ்கைவிங் என்ற இனத்தின் ராணி ஸ்கார்லெட் அவளைச் சங்கிலியில் கட்டி அரண்மனை அலங்காரப் பொருளாக வைக்கிறாள். அதைப் படித்தவர்களுக்குத்தான் அந்த மழைக்காட்டு அரியணையின் அருமை புரியும். சண்டையும் சாவும் நிறைய உண்டு. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் கூட உட்கார்ந்து படியுங்கள்.