முதலில் கூடு, அப்புறம் கேமரா: கடலுக்கடியில் படமெடுப்பது பற்றிச் சில கேள்விகள்

சின்ன டிஜிட்டல் கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் ஹவுஸிங், அதாவது தண்ணீர் புகாத கூடு, அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன். நான் எந்தக் கடைக்கும் ஆள் இல்லை. பல வருடமாக டைவ் செய்கிறேன். அதில் ஒரு கேமராவைக் கடலுக்குக் காணிக்கையாகவும் கொடுத்திருக்கிறேன், அந்தக் கதை கீழே வருகிறது.

அண்ணா, சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் 7-ஆவது மாடல் வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் அந்தமான் போகிறோம். சோனியே விற்ற ஹவுஸிங் ஒன்று பழசாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்காதீர்கள். அந்த ஹவுஸிங் முதல் மாடலில் இருந்து 5-ஆவது மாடல் வரைக்கும்தான். 6-இலும் 7-இலும் ஜூம் 200 மி.மீ. குவியத்தூரம் வரை போகிறது, லென்ஸ் அதிகம் வெளியே நீளும், அதனால் பழைய கூட்டுக்குள் அடங்காது. கேனனிலும் இதே கதைதான். ஜி7 எக்ஸுக்கு ஒரு ஹவுஸிங், மார்க் 2-க்கு வேறு ஹவுஸிங். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டு கேமராவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஹவுஸிங் என்பது பல்செட் மாதிரி, ஒருவருக்கு அளவெடுத்துச் செய்தது இன்னொருவர் வாயில் நிற்காது. ஒரு பட்டன் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் கதை முடிந்தது.

அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் ஹவுஸிங்கைத் தேடு, அது கிடைத்த பிறகு அதற்கேற்ற கேமராவை வாங்கு என்கிறேன். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்துவிட்டு அப்புறம் என்னிடம் வருகிறார்கள். உங்கள் கேமராவுக்கு நாட்டிகாம் போன்ற தனி நிறுவனங்களின் ஹவுஸிங் உண்டு, ஆனால் விலையைப் பார்த்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடியுங்கள். இன்னொன்று. நீளும் லென்ஸுக்கு முன்னால் போர்ட்டும் (ஹவுஸிங்கின் முன்பக்கக் கண்ணாடிப் பகுதி) நீளமாக இருக்க வேண்டும். அதன் மேல் அகலப் பார்வை தரும் வைட் லென்ஸ் மாட்டினால் படத்தின் நான்கு மூலையும் கறுத்துப்போகும். தண்ணீருக்கடியில் நீண்ட ஜூமுக்கு வேலையே இல்லை, ஏனென்றால் எதையும் கிட்டே போய்த்தான் எடுக்க வேண்டும்.

ஓஎம் சிஸ்டம் டிஜி-7 கேமராவே 15 மீட்டர் வரை தாங்கும் என்கிறார்கள். அப்புறம் ஹவுஸிங் எதற்கு?

ஸ்நோர்கெலிங் (மூச்சுக்குழாயோடு மேல்மட்டத்தில் நீந்துவது) மட்டும் என்றால் தேவையில்லை. முதுகில் காற்று உருளை மாட்டி டைவ் செய்வதாக இருந்தால் வாங்கிவிடுங்கள். டைவ் கற்ற முதல் சான்றிதழுக்கே 18 மீட்டர் வரை போகலாம், கேமரா 15-இல் நின்றுவிடும். ஆழமானியில் ஒரு கண், கேமராவில் ஒரு கண் என்று பார்த்துக்கொண்டே நீந்த முடியாது. அதோடு இந்தக் கேமராவில் பேட்டரி மூடி, சார்ஜ் மூடி எல்லாம் ரப்பரை நம்பித்தான் இருக்கின்றன. அந்த ரப்பரில் ஒரு மணல் துகள் ஒட்டினால் போதும். பிடி-059 ஹவுஸிங் டிஜி-6, டிஜி-7 இரண்டுக்கும் பொருந்தும், 45 மீட்டர் வரை தாங்கும். ஹவுஸிங்கில் கசிந்தாலும் கேமரா தானாகவே தண்ணீர் தாங்கும் என்பதால் உங்களுக்கு இரண்டாவது சுவர் ஒன்று கிடைக்கிறது. முதல் ஹவுஸிங் வாங்குபவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு செ.மீ. தூரத்தில் வைத்துக் கடல் நத்தையை எடுக்கலாம். சென்சார் சின்னது, ஆர்எக்ஸ்100 அளவுக்குத் துல்லியம் வராது. பரவாயில்லை, தைரியம் வரும்.

மட்டக்களப்பில் இருக்கிறேன் அண்ணா. 40 மீட்டர் ஹவுஸிங்கோடு ஹெர்மிஸ் கப்பலைப் படமெடுக்கப் போகலாமோ?

போக வேண்டாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவுக்கு எல்லையே 40 மீட்டர். அதாவது ஹவுஸிங்குக்கு முன்னால் உங்களுக்கே தனிப் பயிற்சி வேண்டும். பயிற்சி இருந்தால், 100 மீட்டருக்கு அளவிட்ட அலுமினிய ஹவுஸிங் பாருங்கள்.

40 மீட்டரில் வெளியே 5 வளிமண்டல அழுத்தம், ஹவுஸிங்குக்குள்ளே 1. மிச்சம் நான்கும் சுவரை அமுக்குகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய 4 கிலோ. அதைத் தாண்டினால் உடனே வெடிக்காது. முதலில் பட்டன்கள் தாமாகவே அமுங்கிக்கொண்டு வெளியே வராது, கேமரா பைத்தியம் பிடித்த மாதிரி மெனுவுக்குள் ஓடும்.

பாலிகார்பனேட்டா, அலுமினியமா?

வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டைவ் செய்பவருக்குப் பாலிகார்பனேட் என்னும் கெட்டி பிளாஸ்டிக் போதும். கண்ணாடி மாதிரி தெரிவதால் உள்ளே சொட்டு விழுந்தால் உடனே பார்க்கலாம். அலுமினியம் உறுதி, பட்டன்கள் கைக்கு நன்றாக வரும், சூட்டையும் வேகமாகக் கடத்தும். ஆனால் பல சமயம் கேமராவைவிட ஹவுஸிங் விலை அதிகம்.

பொருளைவிட நான் பார்ப்பது வேறு. கடையில் கேமராவை உள்ளே போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பாருங்கள். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்ப வழி இருக்கிறதா? வீடியோ பட்டன் எட்டுகிறதா? உங்கள் கேமராவில் தொடுதிரையில் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஏதாவது இருந்தால், தண்ணீருக்குள் அதை மறந்துவிட வேண்டியதுதான். அப்புறம் போர்ட்டின் முன்னால் 67 மி.மீ. மரை இருந்தால் பிற்பாடு வெளி லென்ஸ் மாட்டலாம். தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது ஒளி விலகுவதால் 24 மி.மீ. லென்ஸ் 32 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும், பார்வை குறுகிவிடும். வெளியே மாட்டும் வைட் லென்ஸ் அதைத் திருப்பிக் கொடுக்கும்.

ஐந்நூறு ரூபாய்க்கு பிளாஸ்டிக் பை விற்கிறதே, சார்?

நீச்சல் குளத்துக்கு, அதுவும் தொலைந்தால் அழாத கேமராவுக்கு.

ஓ-ரிங்குக்கு (மூடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம்) எவ்வளவு கிரீஸ் தடவ வேண்டும்? எங்கள் பயிற்றுநர் நிறைய என்கிறார், கடைக்காரர் வேண்டவே வேண்டாம் என்கிறார்.

கிரீஸ் தண்ணீரை அடைப்பதில்லை. அடைப்பது ரப்பர்தான். ரப்பர் உலராமலும் முறுக்கிக்கொள்ளாமலும் இருக்கத்தான் கிரீஸ். ஒரு பட்டாணியில் பாதி போதும். விரலால் உருவினால் ரப்பர் பளபளக்க வேண்டும், கட்டியாகத் தெரியக் கூடாது. அதிகம் போனால் அதுவே தூசியையும் முடியையும் பிடித்து வைக்கும். எந்த நிறுவனத்தின் ஹவுஸிங்கோ அந்த நிறுவனத்தின் கிரீஸைத்தான் போட வேண்டும். ஏனென்றால் சிலிக்கான் ரப்பரில் பொருந்தாத சிலிக்கான் கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதிவிடும். ரிங்கைக் கழற்றக் குண்டூசி வேண்டாம், பழைய ஏடிஎம் அட்டையின் மூலை நன்றாக உதவும்.

இப்போது என் கதை. படகில், காற்றில், அவசரமாக மெமரி கார்டு மாற்றினேன். மூடும்போது துண்டில் இருந்து ஒரு நூல் ஓ-ரிங்கின் மேல் விழுந்திருக்கிறது. மூன்று மீட்டர் கூட இறங்கவில்லை, லென்ஸுக்குக் கீழே தண்ணீர் தளும்புகிறது. அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன், கசிவு ஆழத்தில்தான் வரும் என்பது தப்பு. ஆழத்தில் அழுத்தமே மூடியை இறுக்கிவிடும். மேலே, முதல் சில மீட்டரில், இறுக்கம் குறைவாக இருக்கும்போதுதான் நூல் தன் வேலையைக் காட்டும். அதன் பிறகு முந்தின இரவே அறையில் உட்கார்ந்து மூடிவிடுவேன். படகில் திறப்பதே இல்லை. பெரிய கார்டு, முழு சார்ஜ்.

புது ஹவுஸிங் என்றால் முதல் டைவில் கேமரா இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ தாளை மட்டும் போட்டு இறக்குங்கள். தாள் காய்ந்தே வந்தால் அடுத்த முறை கேமரா.

போர்ட்டுக்கு உள்ளே பனி படிகிறது. கசிவா?

கசிவில்லை. ஈரக் காற்றை உள்ளே அடைத்து மூடியிருக்கிறீர்கள். கேமரா சூடாகிறது, கடல் கண்ணாடியைக் குளிர்விக்கிறது, ஈரம் அங்கே படிகிறது. ஏசி ஓடும் அறையில் மூடுங்கள், அந்தக் காற்று உலர்ந்தது. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று ஓ-ரிங்கில் சிக்காத இடத்தில் வையுங்கள். ஹவுஸிங்கைப் படகில் வெயிலில் வைக்காதீர்கள், ஈரத் துண்டு போட்டு மூடுங்கள்.

எல்லாப் படமும் நீலமாக வருகிறது. விலை உயர்ந்த ஹவுஸிங் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. சிவப்பு நிறத்தைத் தண்ணீர் குடித்துவிடுகிறது. 5 மீட்டரிலேயே மங்கும், 10 மீட்டரில் பெரும்பாலும் போய்விடும். வெள்ளைப் பலகையையோ மணலையோ காட்டி வொயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பு) ஆழம் மாறும்போதெல்லாம் மறுபடி வையுங்கள். கிட்டத்துப் பொருளுக்கு ஸ்ட்ரோப், அதாவது வெளியே தனியாக மாட்டும் ஃபிளாஷ், வேண்டும். கேமராவின் சொந்த ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தண்ணீரில் மிதக்கும் துகள் எல்லாம் வெள்ளைப் புள்ளியாக விழும். புதுச்சேரிக் கடலில் தண்ணீர் கலங்கியிருக்கும் நாளில் எடுத்தால் பனி பெய்த மாதிரியே இருக்கும். ஸ்ட்ரோபை நீளமான தாங்கியில் மாட்டி, பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். அதைத் தூண்ட ஒளியிழைக் கம்பி மாட்டும் துளை ஹவுஸிங்கில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

டைவின் நடுவில் தண்ணீர் உள்ளே வந்துவிட்டால்?

போர்ட்டைக் கீழ்நோக்கித் திருப்பிப் பிடியுங்கள், தண்ணீர் கண்ணாடிப் பக்கம் தேங்கும். பிறகு வழக்கமான வேகத்தில், நிற்க வேண்டிய இடத்தில் நின்று மேலே வாருங்கள். கேமராவுக்காக விருட்டென்று மேலே ஏறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கேமராவைக் கடையில் வாங்கலாம். மேலே வந்ததும் கேமராவை அணைத்துப் பேட்டரியைக் கழற்றுங்கள். உப்புத் தண்ணீர் குடித்த லித்தியம் பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

விமானத்தில் எப்படி எடுத்துப்போவது?

பேட்டரிகள் கைப்பையில். ஹவுஸிங்கை இறுக மூடாமல், பெரிய ஓ-ரிங்கைக் கழற்றி வையுங்கள். மேலே போகும்போது காற்றழுத்தம் குறைவதால், தரையில் இறுக மூடிய பெட்டி உள்ளிருந்து வெளியே தள்ளும். கழற்றிய ரிங்கை ஒரு ஜிப் பையில் போட்டு, அந்தப் பையை ஹவுஸிங்குக்குள்ளேயே வையுங்கள். ஒருமுறை நான் அதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு அந்தமானின் ஹேவ்லாக் தீவில் போய் இறங்கினேன்.