வயர்மேன் அண்ணன் பதில்கள்: சுவத்துல இருக்குற எம்.கே. யாரு?

கேள்வி: வணக்கம் அண்ணே. செந்தூல்ல எங்க தாத்தா காலத்து வீட்டுக்கு ரீவயரிங் பண்றோம். பழைய பிளக் பாயிண்ட் எல்லாத்துலயும் எம்.கே.ன்னு போட்டிருக்கு. கழட்ட வந்த தம்பி "இது நல்ல சாமான்க்கா, தூக்கிப் போடாதீங்க"ன்னு சொல்றாரு. யாருண்ணே இந்த எம்.கே.? நம்ம ஊரு கம்பெனியா? (வாசகி, செந்தூல்)

பதில்: நம்ம ஊரு இல்லம்மா, லண்டன்ல எட்மண்டன்னு ஒரு பக்கம், அங்க 1919-ல சார்ல்ஸ் பெல்லிங், சார்ல்ஸ் ஆர்னல்ட்னு ரெண்டு சார்ல்ஸ் சேர்ந்து ஆரம்பிச்சது. பெல்லிங்குக்கு ஏற்கெனவே 1912-லேர்ந்து ரூம் ஹீட்டர் செய்ற கம்பெனி இருந்துச்சு, குளிர் நாட்டுல ஹீட்டர் விக்கிறது ஈஸி, ஆனா ஹீட்டர் இழுக்குற கரண்டை லைட்டுக்குன்னு செஞ்ச பாயிண்ட் தாங்காதே. அதான் கம்பெனிக்கு வச்ச முதல் பேரே ஹெவி கரண்ட் எலெக்ட்ரிக் அக்செசரீஸ். பிளக் பின்னை உள்ள ஸ்பிரிங் வச்ச தகடு கெட்டியா கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு சாக்கெட் செஞ்சாங்க, அதுக்கு மல்டி கான்டாக்ட்னு பேரு, கான்டாக்டை C-க்குப் பதிலா K போட்டு எழுதுனாங்க, அது நல்லா ஓடுனதும் கம்பெனி பேரையே எம்.கே.ன்னு மாத்திட்டாங்க.

எனக்குப் பெருசாப் படுறது அதுக்கப்புறம் வந்த வேலைதான். 1928 வாக்குல ஆர்னல்ட் சாக்கெட் ஓட்டைக்கு உள்ள ஒரு மூடி வச்சாரு, பிள்ளைங்க கம்பியோ ஊசியோ விட்டா கரண்ட் இருக்குற தகட்டுல படாது. பிறகு ரெண்டாவது உலகப்போர் முடியுற நேரத்துல, இனிமே கட்டப்போற வீட்டுக்கெல்லாம் எப்படி வயர் இழுக்குறதுன்னு இங்கிலாந்துல ஒரு கமிட்டி போட்டாங்க, இருபது பேர்ல ஒரே ஒரு பொம்பள, கேரலின் ஹேஸ்லெட்னு எஞ்சினியரம்மா. 1944-ல அந்த கமிட்டி ரிப்போர்ட் வந்துச்சு, மூடி இல்லாத சாக்கெட்டே கூடாதுங்கிறது அதுல ஒரு முக்கியமான விஷயம். அந்த நேரத்துல செம்புக்கும் தட்டுப்பாடு, அதனால ஒரே வயரை வளையமா வீடு பூரா சுத்தி எல்லா பாயிண்டையும் அதுலயே மாட்டுற யோசனை வந்துச்சு. ஆனா வளையத்துக்கு மெயின்ல 30 ஆம்ப் ஃபியூஸ், டேபிள் லைட்டுக்கு வர்ற மெல்லிசு வயர் எரிஞ்சு கரியானாலும் அந்த ஃபியூஸ் போகாது. அதான் ஒவ்வொரு பிளக்குக்குள்ளயும் ஒரு குட்டி ஃபியூஸ். 1947-ல பி.எஸ். 1363-ன்னு பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் வந்துச்சு, நாம இன்னிக்கு குத்துற 13 ஆம்ப் சதுர பின் அதுதான், வெள்ளக்காரன் ஆட்சியோட இங்கயும் வந்து ஒட்டிக்கிச்சு, இப்ப நம்ம மலேசியா ஸ்டாண்டர்ட் எம்.எஸ். 589-ம் அதே அச்சுதான்.

கம்பெனி பல கை மாறி 2005-ல ஹனிவெல் கைக்குப் போச்சு, அந்தக் கதையில பெருசா சுவாரசியம் இல்ல.

தம்பி சொன்னது பாதி சரி. நல்ல சாமான்தான், ஆனா இத்தன வருஷம் குத்திக் குத்தி எடுத்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், பிடி லூசானா சூடாகும். ஓட்டையைச் சுத்தி பழுப்பா கறை இருந்தா யோசிக்கவே வேணாம், கழட்டிப் போடுங்க. புதுசு எந்த பிராண்டா இருந்தாலும் சிரிம் ஸ்டிக்கர், அதான் மலேசியாவுல தரம் பாத்ததுக்கு ஒட்டுற முத்திரை, அதைப் பாத்து வாங்குங்க.

கேள்வி: ரெண்டு பின் சார்ஜரை மூணு பின் பாயிண்ட்ல குத்த மேல் ஓட்டையில பேனா மூடியை விடுறோம், எங்க பிளாட்ல எல்லாரும் அப்படித்தான். ஆபத்தா? (வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: மேல சொன்ன மூடியைத்தான் தம்பி நீங்க பேனாவால திறக்குறீங்க. மேல் ஓட்டைக்குள்ள போற எர்த் பின் மத்த ரெண்டையும் விட நீளம், அது முதல்ல உள்ள போய் மூடியைத் தள்ளும், பிறகுதான் மத்த ரெண்டுக்கும் வழி கிடைக்கும். பேனா வேலை நடக்குதுன்னா காரணம் அவ்வளவுதான். ஆனா அந்த மெல்லிசு உருண்டை பின்னை சதுர பின்னுக்குச் செஞ்ச தகடு சரியாப் பிடிக்காது, லூசா நின்னு பொறி பறக்கும், அந்த பிளக்குல ஃபியூஸும் கிடையாது. இதுல இன்னொண்ணு, வீட்டுல மூணு வயசுப் பிள்ள இதைப் பாத்துக்கிட்டே இருக்கும், அதுக்குக் கையில கிடைக்கிறது பேனா மூடியா இருக்காது, ஸ்குரூ டிரைவரா இருக்கும். ஹார்ட்வேர் கடையில ஃபியூஸ் வச்ச அடாப்டர் விக்கிறான், பெரிய காசு இல்ல. எம்.கே.யோட சில மாடல்ல மூணு பின்னும் சேர்ந்து அமுக்குனாத்தான் மூடி திறக்கும், அதுல உங்க பேனா செல்லாது.

கேள்வி: பழைய ஏர்கோன் (ஏ.சி.) பாயிண்ட்ல மட்டும் ஏன் பெரிய உருண்டை ஓட்டை? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: அது 13 ஆம்ப் வர்றதுக்கு முந்தின பி.எஸ். 546, 15 ஆம்ப். தமிழ்நாட்டுல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா அந்த உருண்டைக் குடும்பத்தைத்தான் சுவத்துல பாப்பீங்க. இங்க ஏர்கோன் மாதிரி நிறைய கரண்ட் இழுக்குறதுக்குத் தனி வயர் போட்டு அதை வச்சிருக்காங்க, இடம் தெரியாம வேற சாமானைக் குத்திடக் கூடாதுல்ல. பிளக்கை வெட்டிட்டு 13 ஆம்ப் மாட்டாதீங்க, மாத்தித்தான் ஆகணும்னா ரெஜிஸ்டர் பண்ண வயர்மேனைக் கூப்பிட்டு வயரையும் சேர்த்துப் பாக்கச் சொல்லுங்க.