ஏற்றத்தில் வந்து, நின்றால் மறையும் நெஞ்சு இறுக்கம்

ஐயா, உங்கள் கடிதத்தில் முழங்கால் வலி, கால் வீக்கம், காது அடைப்பு, அட்டைக் கடி என்று பல குறைகளை எழுதியிருக்கிறீர்கள். அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு வரியில், காட்சி முனைக்கு ஏறும் பாதையில் நெஞ்சின் நடுவே ஏதோ இறுக்கிப் பிடித்ததாகவும், நின்றதும் இரண்டு மூன்று நிமிடங்களில் அது விலகியதாகவும், மறுபடி ஏறத் தொடங்கியபோது மறுபடி வந்ததாகவும் குறிப்பிட்டுவிட்டு, வாயுத் தொல்லைதான் என்று ஒரு மாத்திரை போட்டுக்கொண்டதையும் சேர்த்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த இந்த ஒருநாள் பயணங்களை இனி விட்டுவிட வேண்டுமா என்பதுதான் உங்கள் கடைசிக் கேள்வி. அந்தக் கேள்வியின் வேர் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது என்பதால் முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன்.

அது வாயுவாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஏறும்போது வருவது, நிற்கும்போது விலகுவது, அதே அளவு உழைப்பில் திரும்பவும் வருவது ஆகிய மூன்றும் சேர்ந்துவிட்டால், இதயத் தசைக்கு இரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி, அதாவது ஆஞ்சைனா, என்றே எந்த மருத்துவரும் முதலில் சந்தேகிப்பார். 67 வயதும், பல ஆண்டுகளாக இருக்கும் சர்க்கரை நோயும், உயர் இரத்த அழுத்தமும் அந்தச் சந்தேகத்தை வலுவாக்குகின்றன. இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியில் கொழுப்பு படிந்து, பொதுவாக 70 விழுக்காடு அளவுக்குக் குழாய் குறுகிவிட்டாலும்கூட, உட்கார்ந்திருக்கும்போது எதுவும் தெரியாது. ஏற்றத்தில் இதயம் வேகமாகத் துடித்து அதிக இரத்தம் கேட்கும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும். நீங்கள் நின்றதும் இதயத்தின் தேவை குறைந்தது, இறுக்கமும் தணிந்தது. அந்த நேரத்தில் விழுங்கிய மாத்திரைக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. அது வயிற்றில் கரைவதற்கு முன்பே உங்களுக்குச் சரியாகிவிட்டது என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது.

வழியில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறியதால்தான் வாயு என்று முடிவு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். நிறையச் சாப்பிட்டதும் செரிமானத்துக்காகக் குடலுக்குச் செல்லும் இரத்தம் கூடுகிறது, இதயத்தின் வேலையும் கூடுகிறது. உடனே செங்குத்தான பாதையில் ஏறினால் சுமை இரட்டிப்பாகிறது. மலைமேல் முகத்தில் அடிக்கும் குளிர்காற்று இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. உணவு, ஏற்றம், குளிர் மூன்றும் ஒரே மணி நேரத்தில் சேர்வது இத்தகைய பயணங்களில்தான். வீட்டுக்கு அருகில் சமதரையில் நடக்கும்போது எட்டிப் பார்க்காத தொல்லை அங்கே தலைகாட்டியதற்கு அதுவே காரணம்.

மருத்துவமனையில் எங்கே வலித்தது என்று கேட்டால், சிலர் ஒரு விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டுவார்கள். அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கும், மூச்சை இழுத்தால் குத்தும். அது பெரும்பாலும் தசை வலி. வேறு சிலர் உள்ளங்கையை விரித்தோ கைவிரல்களை மடக்கியோ நெஞ்சின் நடுவில் வைத்து, வலி என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு பாரம், ஓர் இறுக்கம் என்பார்கள். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை. இந்த இறுக்கம் தாடைக்கும், தொண்டைக்கும், இடது கைக்கும் பரவலாம். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல், ஏறும்போது வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலாக மட்டும் வருவதும் உண்டு. வயதாகிவிட்டது என்று அதைத் தள்ளிவிடுகிறவர்கள் ஏராளம்.

ஆகவே இந்த வாரமே ஓர் இதய மருத்துவரைப் பாருங்கள். சென்ற ஆண்டு எடுத்த ஈசிஜி நன்றாக இருந்தது என்று நீங்கள் ஆறுதல் கொள்வது சரியில்லை. படுத்த நிலையில், வலி இல்லாத நேரத்தில் எடுக்கும் ஈசிஜி, ஆஞ்சைனா உள்ள பலருக்கு இயல்பாகவே இருக்கும். ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ பரிசோதனையும், உழைப்பின்போது இதயம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் டிரெட்மில் சோதனையும் தேவைப்படலாம். முழங்கால் வலியால் டிரெட்மில்லில் நடக்க முடியாவிட்டால், மருந்து கொடுத்துச் செய்யும் சோதனையோ, இதயத் தமனிகளைப் படமெடுத்துக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராமோ இருக்கிறது, எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை நேரில் பார்ப்பவர் முடிவு செய்வார். அவரிடம் முழங்கால் கதையில் தொடங்காதீர்கள். ஏறும்போது வருகிறது, நின்றால் போகிறது என்பதே உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியமாக இருக்கட்டும்.

அதற்குள் அந்த இறுக்கம் முன்பைவிடக் குறைந்த உழைப்பிலேயே வந்தால், அல்லது அடிக்கடி வந்தால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சும்மா இருக்கும்போது வந்தாலோ, நின்று ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் விலகாவிட்டாலோ, வியர்வை, குமட்டல், மயக்க உணர்வு ஆகியவற்றுடன் சேர்ந்து வந்தாலோ, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் சேதமாகும் நேரம் அது. மாரடைப்பு வந்தால் பலமாக இருமினால் போதும் என்று உங்களுக்கு நண்பர் அனுப்பிய வாட்ஸாப் செய்தியை அழித்துவிடுங்கள். தனியாக இருப்பவர் இருமித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை. உதவிக்கு அழைக்க வேண்டிய நிமிடங்களை அது தின்றுவிடும். அதேபோல், தெரிந்தவர் கொடுத்தார் என்று, நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறீர்கள். அந்த மாத்திரை இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். நின்றுகொண்டே போட்டால் பாதையோரத்தில் மயங்கி விழ நேரிடும், ஆண்மைக் குறைவுக்கான சில மாத்திரைகளோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. உங்களுக்கு அது தேவைப்பட்டால், எப்போது, எப்படி, எத்தனை என்று சொல்லி உங்கள் மருத்துவரே எழுதித் தரட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்திய செய்தி இன்னொன்று உண்டு. பயண நாளில் வழியில் அடிக்கடி சிறுநீர் கழிக்க இறங்க வேண்டியிருக்கிறது என்று நீர் மாத்திரையை நிறுத்திவிட்டு, தண்ணீரையும் குறைத்துக்கொண்டு, முழங்காலுக்காகக் கிளம்பும் முன்பே டைக்ளோஃபினாக் மாத்திரை ஒன்றை விழுங்குகிறீர்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற, உடலில் நீர் வற்றிய முதியவரின் சிறுநீரகத்துக்கு அந்த வலி மாத்திரை நேரடியான அடி. இதய நோய் இருந்தால் மாரடைப்பு அபாயத்தையும் அது கூட்டுகிறது. யாரைக் கேட்டு இதைத் தொடங்கினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. இன்றோடு நிறுத்துங்கள். முழங்காலுக்குக் கைத்தடி, மெதுவான இறக்கம், மேலே தடவும் களிம்பு ஆகியவை போதும். தாங்காவிட்டால் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். நீர் மாத்திரையைப் பயண நாளில் எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று உங்கள் மருத்துவரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது. எனவே தாகத்துக்குக் காத்திராமல் அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

மற்றவை குறித்து நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மலைப்பாதையில் காது அடைப்பது வெளிக்காற்றின் அழுத்தம் மாறுவதால். எச்சிலை விழுங்கினால் திறந்துகொள்ளும். உயரத்தால் வரும் மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது, நீங்கள் ஏறும் குன்றுகளில் அந்தப் பேச்சே இல்லை. அட்டை கடித்த இடத்தில் நெடுநேரம் இரத்தம் கசிவது, அது உறைவதைத் தடுக்கும் பொருளை அட்டை செலுத்துவதால். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், இணையத்தில் படித்த நோய்களை எல்லாம் மறந்துவிடுங்கள். நெடுநேரம் வண்டியில் உட்கார்ந்த பின் இரு கணுக்கால்களும் வீங்கி மறுநாள் காலையில் வடிந்துவிடுவது சாதாரணம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதையில் வலியும் இருந்தால் அன்றே காட்ட வேண்டும்.

பயணங்களை விடச் சொல்லி நான் எழுதப்போவதில்லை. பரிசோதனை முடியும்வரை ஏற்றம் மட்டும் வேண்டாம். அடுத்த மாதம் திட்டமிட்டிருக்கும் அருவிக்குப் படிகள் ஏற வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தள்ளிவைத்துவிட்டு, நடக்கும்போது இறுக்கம் வராத அளவுக்குச் சமமான ஏரிக்கரைக்கு, துணையோடு, கைபேசிக்குத் தொடர்பு கிடைக்கும் இடமாகப் பார்த்துச் செல்லுங்கள். சர்க்கரைக்கு நீங்கள் சாப்பிடும் கிளிமிபிரைடு, உணவு தாமதித்து நடை கூடினால் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் என்பதால், நேரத்துக்குச் சாப்பிடுவதோடு கொஞ்சம் குளுக்கோஸையும் கையில் வைத்திருங்கள். ஆஞ்சைனா என்று உறுதியானாலும், மருந்தாலும் தேவைப்பட்டால் குறுகிய தமனியை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயைப் பொருத்தியும் சீராக்கிக்கொண்டு மீண்டும் மலையேறுபவர்கள் பலர். உங்களால் எத்தனை படிகள் ஏற முடியும் என்று சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மருத்துவரிடமே கேளுங்கள்.