வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர்களை ஆவணப்படுத்துகிறேன். ஊர்வலமும் கோஷமும் எடுத்தாகிவிட்டது, இனி எதை எடுப்பது?

கோஷம் ஓய்ந்த பிறகு நடப்பதை எடுங்கள். ஊர்வலம் முடிந்ததும் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கிளம்புகிறோமே, ஆவணம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. இது எனக்குப் புரிய ஐந்து வாரம் ஆனது.

முதன்முதலாக ஓர் ஆலை வேலைநிறுத்தத்தைப் படமெடுக்கப் போனபோது, முதல் வாரத்திலேயே எண்ணூறு படங்கள் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றிலும் உயர்த்திய கை, திறந்த வாய், கொடி. ஐந்தாவது வாரம் போராட்டப் பந்தலில் மூத்த தொழிலாளி ஒருவர் என்னை அருகில் உட்காரவைத்துச் சொன்னார்: "தம்பி, ஒரு நாளில் நாங்கள் கோஷம் போடுவது அரைமணி நேரம். மிச்ச நேரத்தை எப்படிக் கழிக்கிறோம் என்று வீட்டுக்கு வந்து பாருங்கள்."

போனேன். ஒற்றை அறை வீடு. சுவர் ஆணியில் ஆலைச் சீருடைச் சட்டை தொங்கியது. துவைத்து, மடிப்புக் கலையாமல் தேய்த்து, பையில் அடையாள அட்டையோடு. ஐந்து வாரமாக யாரும் உடுத்தாத சட்டை அது. தூசி படிகிறது என்று வாரம் ஒருமுறை அவர் மனைவி அதைத் துவைத்துத் தேய்த்து மாட்டிக்கொண்டிருந்தார். "திடீரென்று கூப்பிட்டால் போக வேண்டுமே" என்றார். சட்டைக்குக் கீழே மகள் தரையில் உட்கார்ந்து, பள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களில் யாரிடம் எவ்வளவு கைமாற்று வாங்கியிருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தாள். அந்த எண்ணூறில் இல்லாத வேலைநிறுத்தம் அந்தச் சுவரில் இருந்தது. அவர்களிடம் கேட்டுவிட்டு, அட்டையில் இருந்த பெயரும் எண்ணும் தெரியாதபடி சட்டையைத் திருப்பி மாட்டி, ஒரே ஒரு படம் எடுத்தேன்.

எண்ணை மறைத்தது அழகுக்காக அல்ல. உங்கள் படத்தை நிர்வாகமும் பார்க்கும், காவல்துறையும் பார்க்கும். கூட்டத்தில் தெரியும் ஒரு முகம் மறுவாரமே பணிநீக்க நோட்டீஸாகத் திரும்பி வரலாம். 1968 பிப்ரவரியில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் குப்பை வண்டியின் அழுத்து இயந்திரத்தில் சிக்கி இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு வெடித்த வேலைநிறுத்தத்தில், "நான் ஒரு மனிதன்" என்ற பதாகைகளோடு தோளோடு தோள் நின்றவர்களை எர்னஸ்ட் விதர்ஸ் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அவர் அந்தத் தொழிலாளர்களின் கறுப்பினச் சமூகத்தின் சொந்தப் பிள்ளை, எல்லா வீட்டுக் கதவும் திறந்தே இருந்தது. அவர் அமெரிக்க அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்துவந்தவர் என்பது, இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2010இல்தான் வெளியே வந்தது. அந்தப் படத்தை நான் இன்றும் நேசிக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. நம்மை வீட்டுக்குள் விடுகிறவர்கள் எதை நம்பி விடுகிறார்கள் என்பதை அதற்குப் பிறகு என்னால் மறக்க முடியவில்லை.

அதே சமயம், அடி விழும்போது படம்தான் சாட்சி. 1937 மே 26 அன்று அமெரிக்காவில் ஃபோர்டு கார் ஆலை வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுக்க வந்த சங்க அமைப்பாளர்களை நிறுவனத்தின் காவல் ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள். பிறகு கேமராக்காரர்கள் பக்கம் திரும்பினார்கள். ஜேம்ஸ் கில்பாட்ரிக் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், படம் பதிந்த தகடுகளைக் காரில் ஒளித்துவைத்துவிட்டு, வெற்றுத் தகடுகளை அவர்களிடம் நீட்டினார். நிறுவனம் சொன்ன கதை அந்தப் படங்களின் முன் நிற்கவில்லை. ஆகவே எடுத்ததை அன்றிரவே இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். தேதி, இடம், நேரம் எழுதுங்கள். பெயர்களைத் தனியே வேறொரு நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பிரதி கட்டாயம் போய்ச் சேர வேண்டும், கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுப் பிரதியாக.

எவ்வளவு நாள் இருக்க வேண்டும் என்றால், முடியும்வரை. பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, 1984 ஆகஸ்டில் ஈசிங்டன் என்ற சுரங்க ஊருக்கு ஒரு மாத வேலையாகப் போன புகைப்படக்காரர் கீத் பாட்டிசன், 1985 மார்ச்சில் போராட்டம் முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டார். கடைசி நாளில்தான் எல்லாம் இருக்கிறது: வென்றார்களா தோற்றார்களா, யார் யாரோடு பேசாமல் வாசலைக் கடக்கிறார்கள், இடையில் வேலைக்குத் திரும்பிக் கருங்காலி என்று பெயர் வாங்கியவர் எந்தப் பக்கம் பார்த்து நடக்கிறார்.

நான் எடுத்த வேலைநிறுத்தம் எழுபத்தோராம் நாள் முடிந்தது. நான் அப்போது வேறொரு வேலையாக வெளியூரில் இருந்தேன். அந்த மூத்தவர் அந்தச் சட்டையை உடுத்திக்கொண்டு முதல் ஷிப்டுக்கு நடந்து போன படம் என்னிடம் இல்லை.