கண்ணாடி ஆர்க்கிட்டைத் தொட்டியில் வளர்க்க முடியுமா?

மத்தியதரைக் கடல் நாடுகளில் காட்டுச்செடியாக வளரும் கண்ணாடி ஆர்க்கிட் (ஓபிரிஸ் ஸ்பெகுலம்) எப்படி இருக்கும், அதன் கிழங்கை எடுத்து வந்து தொட்டியில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்கலாம், அழுகிப்போகும். செய்து பார்த்தவன் சொல்கிறேன்.

சிசிலித் தீவின் பலெர்மோவில் குடியிருக்கிறேன். வந்த புதிதில், ஊருக்கு வெளியே ஒரு குன்றுச் சரிவில் ஒரு செடியைத் தோண்டினேன். மண்ணுக்குள் கோலிக்குண்டு போல இரண்டு கிழங்குகள் இருந்தன. இந்த ஆண்டுப் பூவுக்குச் சோறு போட்ட பழையது சுருங்கிக் கிடந்தது; அடுத்த ஆண்டுக்கான புதியது வெளுப்பாக, கெட்டியாக இருந்தது. இந்த இரட்டைக் கிழங்கைப் பார்த்துத்தான் கிரேக்கர்கள் ‘ஓர்க்கிஸ்’, அதாவது ஆணின் விரை, என்று பெயர் வைத்தார்கள். மே மாதம் முழுவதும் நான் அக்கறையாகத் தண்ணீர் ஊற்றினேன். கோடையில் காய்ந்த மண்ணுக்குள் உறங்க வேண்டிய கிழங்கு அது! இலையுதிர்கால மழைக்குப் பிறகுதான் இலைகள் தரையோடு வட்டமாக விரியும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பூக்கும்.

விதை போட்டும் பயனில்லை. தூசு போன்ற அந்த விதையில் சேமித்த உணவு கிடையாது. மண்ணில் இருக்கும் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும்.

போர்ச்சுகலிலிருந்து துருக்கி, லெபனான் வரையிலும், வட ஆப்பிரிக்காவிலும் இது வளர்கிறது. சுண்ணாம்பு மண்ணும் வெயிலும் வேண்டும். ஆடு மேய்ந்த குட்டைப் புல்வெளி, தைம் புதர்களின் இடுக்கு, கைவிடப்பட்ட ஒலிவத் தோப்பு போன்ற இடங்களில் தேடுங்கள். பெரும்பாலும் ஒரு சாண் உயரம்தான் இருக்கும்.

பூவின் உதடு போன்ற கீழிதழ் விரல்நுனி அளவுதான். அதன் நடுவில் மயில்கழுத்துப் பட்டு போல மின்னும் வழுவழுப்பான நீலம், அதைச் சுற்றி மெல்லிய மஞ்சள் கரை, விளிம்பெங்கும் செம்பழுப்பு மயிர். அந்த நீலம்தான் ‘கண்ணாடி’. தேன் ஒரு சொட்டும் கிடையாது. டாசிஸ்கோலியா சிலியாட்டா என்ற குளவியின் ஆண்களை ஏமாற்றவே இத்தனை அலங்காரமும். பெண் குளவியின் வாசனையைக்கூடப் பூ தயாரிக்கிறது. பெண்களுக்கு முன்பே ஆண்கள் மண்ணிலிருந்து வெளிவந்துவிடுவதால் ஏமாறுவதற்கு ஆள் தயார். பூவோடு புணர முயலும் ஆண் குளவியின் தலையில் மகரந்தப் பொதி ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவிலும் ஏமாந்தால் மகரந்தச் சேர்க்கை முடிந்தது. இதைப் பல ஆண்டுகள் கவனித்து, 1916இல் சுவிஸ் தாவரவியலாளர் கோரெவோனுடன் சேர்ந்து வெளியிட்ட பூயான், அல்ஜீரியாவில் நீதிபதியாக இருந்தவர். ஒரு நீதிபதி இப்படியொரு மோசடியைப் பிடித்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

குளவிக்குக் காத்திராமல் ஒரு புல்நுனியைப் பூவின் உச்சிக்குள் மெல்ல நுழைத்துப் பார்த்தேன். குட்டிக் காம்போடு மஞ்சள் பொதி ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது.

பார்க்க வேண்டுமானால் மார்ச்சில் வாருங்கள். முழங்காலிட்டுக் குனிய வேண்டியிருக்கும், பழைய கால்சட்டை போதும்.